பிடிஎஃப் வியூவருக்குப் பராமரிப்பு எதற்கு என்பவர்களுக்கு

கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் கொஞ்ச காலமாக ஒரு பேச்சு ஓங்கி ஒலிக்கிறது. டெபியன், ஃபெடோரா, ஃப்ரீபிஎஸ்டி போன்றவற்றில் மென்பொருளைப் பொதியாகக் கட்டித் தருபவர்கள் எல்லோரும் தேவையற்ற இடைத்தரகர்களாம். எழுதியவர் தன் நிரலை ஃபிளாட்பேக்காகவோ ஆப்இமேஜாகவோ நேரே பயனர் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாம். அதிலும் பிடிஎஃப் வியூவர் மாதிரி ஒன்றுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? பக்கத்தைக் காட்டுகிறது, பெரிதாக்குகிறது, தேடுகிறது. என்றைக்கோ எழுதி முடிந்துபோன மென்பொருள் அது. போதாக்குறைக்கு, பிரவுசரே பிடிஎஃப்பைத் திறக்கிறதே என்று கடைசியாக ஒரு போடு.

இதைச் சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். பலர் நல்ல நிரலாளர்கள். தாங்கள் எழுதியது பயனரிடம் போய்ச் சேர ஒன்றரை வருடம் ஆகிறதே என்று நொந்தவர்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு வியூவரின் நிரல் எங்கெங்கே நகலாகிக் கிடக்கிறது என்று தெரிந்து, அத்தனையையும் சரிசெய்யும் பொறுப்பை ஏற்க ஓர் ஆள் வேண்டும். இன்று அந்த வேலையைச் செய்கிறவர்கள் பொதி பராமரிப்பாளர்கள். அவர்களை விலக்கினாலும் வேலை அப்படியே இருக்கும், பார்க்கத்தான் ஆளிருக்காது. இதுதான் என் கட்சி.

முதலில் 'முடிந்துபோன மென்பொருள்' என்ற நினைப்பை எடுத்துக்கொள்வோம். எடிட்டரில் பெரும்பாலும் நீங்கள் எழுதியதை நீங்களே திறக்கிறீர்கள். வியூவரில் திறப்பதோ வேறு யாரோ அனுப்பியது: வங்கியின் கணக்கறிக்கை, கல்லூரிச் சுற்றறிக்கை, முகம் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில் இணைத்த 'இன்வாய்ஸ்'. பிடிஎஃப் ஒற்றை வடிவம்கூட இல்லை, பல வடிவங்களைத் திணித்த மூட்டை. 2008 இல் ஐஎஸ்ஓ தரமானபோதே அதன் விவரணை எழுநூறு பக்கங்களைத் தாண்டியிருந்தது. உள்ளே டைப் 1, ட்ரூடைப் எழுத்துருக்கள், ஜேபெக், ஜேபெக் 2000, ஸ்கேன் செய்த பக்கங்களுக்கான ஜேபிக்2, குறியாக்கம், படிவங்கள், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் வரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிகோடர் வேண்டும். பெரும்பாலான டிகோடர்கள் சி, சி++ மொழிகளில், அவ்வளவாக யாரும் தாக்குதலை எதிர்பார்க்காத காலத்தில் எழுதப்பட்டவை. அந்நியர் தரும் கோப்பைத் தினமும் பிரித்துப் பார்க்கும் நிரல் முடிந்துவிட்டது என்று எந்தத் தேதியில் முத்திரை குத்துவது?

வரலாற்றைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1995 இல் டெரெக் நூன்பர்க் எக்ஸ் விண்டோவுக்காக எக்ஸ்பிடிஎஃப் என்ற வியூவரை வெளியிட்டார். ஜிபிஎல் உரிமம். பிடிஎஃப்பை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்த கட்டற்ற நிரல் அப்போது அரிது என்பதால் ஆளாளுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். க்னோமின் ஜிபிடிஎஃப், கேடிஈயின் கேபிடிஎஃப், கேஆபிஸ், அச்சுப் பணிகளைக் கவனிக்கும் கப்ஸ், டெக் தொகுப்பான டீடெக் என்று எல்லாவற்றின் வயிற்றிலும் எக்ஸ்பிடிஎஃப்பின் ஒரு நகல். ஒருவர் எடுத்த பதிப்பு வேறு, இன்னொருவர் எடுத்தது வேறு. எடுத்த பிறகு செய்த மாற்றங்களோ சொல்லி மாளாது.

2004 அக்டோபரில் அந்த நிரலில் முழுஎண் வழிந்து நினைவகத்தைச் சிதைக்கும் ஓட்டைகள் வெளிவந்தன. டிசம்பரில் இன்னொன்று. 2005 ஜனவரியில் மற்றொன்று. எக்ஸ்பிடிஎஃப்பை மட்டும் ஒட்டுப்போட்டால் தீர்ந்ததா? டெபியனின் அக்காலத்துப் பாதுகாப்பு அறிவிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரே ஓட்டைக்காகக் கப்ஸுக்கு ஓர் அறிவிப்பு, எக்ஸ்பிடிஎஃப்புக்கு ஒன்று, டீடெக்குக்கு ஒன்று என்று வரிசையாக வரும். அச்சு சர்வரில் இருக்கும் ஓட்டை ஒரு பிடிஎஃப் வியூவரிலிருந்து வந்தது என்று எந்தப் பயனருக்குத் தோன்றும்? சொல்லப்போனால் கப்ஸை எழுதுபவருக்கு டீடெக்கில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்த்தவர்கள் டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்காரர்கள். யாரிடம் எந்த நகல் இருக்கிறது என்ற பட்டியல் அவர்களிடம்தான் இருந்தது.

இந்த அலுப்பிலிருந்து பிறந்தது பாப்லர். 2005 இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் எக்ஸ்பிடிஎஃப் 3.0 இன் நிரலைப் பிரித்தெடுத்து, எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரியாக மாற்றினார். (ஃப்யூச்சுராமா கார்ட்டூனில் வரும் ஒரு தின்பண்டத்தின் பெயர் அது. லைப்ரரிகளுக்குப் பெயர் வைப்பவர்களின் பசி தனி ஆராய்ச்சிக்குரியது.) அதே ஆண்டு செப்டம்பரில் வந்த க்னோம் 2.12 இல் பாப்லரை நம்பிய எவின்ஸ் என்ற வியூவர் இடம்பெற்றது. கேடிஈயின் ஓகுலரும் பிற்பாடு பாப்லரையே எடுத்துக்கொண்டது. டெபியன் இன்னும் ஒரு படி மேலே போய், எக்ஸ்பிடிஎஃப் என்ற அந்த மூல வியூவரையே பாப்லரோடு இணைத்துக் கட்டத் தொடங்கியது. எழுதியவரின் முகப்பு இருக்கும், கோப்பைப் பிரித்துப் படிக்கும் உள்பகுதி பாப்லருடையது. எழுதியவரின் படைப்பில் கைவைக்கிறார்கள் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அதில் ஒரு கணக்குத் தெரிகிறது: அடுத்த ஓட்டை வரும்போது ஒரு லைப்ரரியைப் புதுப்பித்தால் எல்லா வியூவரும் சரியாகும்.

நகலின் ஆபத்து பழங்கதை என்று நினைப்பவர்கள் 2021 ஐ நினைத்துக்கொள்ளட்டும். ஐபோன்களை உளவு பார்க்க என்எஸ்ஓ நிறுவனத்தின் கருவி பயன்படுத்திய தாக்குதலை அந்த ஆண்டு டிசம்பரில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு விளக்கியது. ஜிஃப் என்ற பெயரில் வந்த கோப்பு உண்மையில் பிடிஎஃப். அதற்குள் இருந்த ஜேபிக்2 படத்தை விரிக்கும் நிரலில் ஓட்டை. அந்த நிரல் ஆப்பிளுக்குள் எங்கிருந்து வந்தது? எக்ஸ்பிடிஎஃப்பிலிருந்து. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜேபிக்2 கட்டளைகளை அடுக்கி, படத்தை விரிக்கும் வழியிலேயே ஒரு குட்டிக் கணினியைக் கட்டியிருந்தார்கள் தாக்கியவர்கள். ஆப்பிள் செப்டம்பரிலேயே அடைத்துவிட்டது. ஆனால் எக்ஸ்பிடிஎஃப்பில் அடைபட்டது 2022 ஏப்ரல் வாக்கில் வந்த 4.04 இல். பாப்லரிலோ 22.08 பதிப்பு வரை ஓட்டை இருந்தது. உலகமே பேசிய ஓட்டை, ஒரே மூதாதையின் மூன்று வாரிசுகளில் மூன்று வேறு காலங்களில் அடைபடுகிறது. ஒவ்வொரு செயலியும் தன் நகலைத் தானே சுமந்து செல்லும் உலகில் வாரிசுகள் மூன்றோடு நிற்கமாட்டார்கள்.

பொதி கட்டுவது என்றால் மூலக் கோப்பை இறக்கி, ஒரு கட்டளை கொடுத்து, அமுக்கி ஏற்றுவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பாப்லரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜிலிப், க்யூடி நிரல்களுக்காக அது தரும் முகப்புகள் நிலையானவை. உள்ளே எக்ஸ்பிடிஎஃப் காலத்திலிருந்து வரும் சி++ தலைப்புக் கோப்புகளோ நிலையற்றவை. நிலையற்றவை என்று கட்டும்போது தரும் தேர்வின் பெயரிலேயே எழுதி, இயல்பாக அணைத்தும் வைத்திருக்கிறார்கள். ஆனால் இங்க்ஸ்கேப்புக்கும் லிப்ரெஆபிஸின் பிடிஎஃப் இறக்குமதிக்கும் அந்த உள்பகுதிதான் வேண்டும். ஆகவே பாப்லரின் புதிய பதிப்பு வந்தால் லைப்ரரியின் எண் மாறும்; அதை நம்பிய எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். சிலது கட்டப்படாது. ஒரு ஃபங்ஷனின் வடிவம் மாறியிருக்கும். பராமரிப்பாளர் ஒட்டு எழுதி, அந்தந்தத் திட்டத்துக்கு அனுப்பி, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் புதியதை உள்ளே விட முடியும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது தாமதம்.

இன்னொரு நுணுக்கம் சொல்கிறேன், இது பலர் கண்ணில் படாதது. பாப்லரைக் கட்டும்போது ஜேபெக் 2000 படங்களை எந்த டிகோடர் விரிக்க வேண்டும் என்று ஒரு தேர்வு பல ஆண்டுகள் இருந்தது. ஓபன்ஜேபெக் என்ற வெளி லைப்ரரி ஒன்று. எக்ஸ்பிடிஎஃப் காலத்துப் பழைய டிகோடர் இன்னொன்று. அந்த இரண்டாவதற்குத் திட்டத்தார் வைத்த பெயரே 'பராமரிப்பில்லாதது' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல். மூலக் கோப்பு ஒன்றே என்றாலும், கட்டியவர் எதைத் தேர்ந்தார் என்பதைப் பொறுத்து உங்கள் கணினியில் இருப்பது வேறு மென்பொருள். எழுதியவர் தருவதை அப்படியே தாருங்கள் என்பவர்கள், இரண்டில் எது 'அப்படியே' என்று சொல்லட்டும்.

பயனர் கண்ணுக்கே தெரியாத வேலையும் உண்டு. 2024 இல் டெபியனும் உபுண்டுவும் 2038 ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக 32-பிட் ஏஆர்எம் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டாக்கின. அதற்காக ஏராளமான லைப்ரரிப் பொதிகள் பெயர் மாறின. உபுண்டு 24.04 இல் பாப்லரின் ஜிலிப் லைப்ரரிப் பொதியின் பெயர் வாலில் 't64' என்று இருப்பதைப் பார்க்கலாம். பாப்லரிலோ எவின்ஸிலோ புதிய வசதி ஒன்றும் வரவில்லை. பயனர் கவனித்திருக்கவும் மாட்டார். கவனிக்காதபடி நடந்ததுதான் அந்த வேலையின் வெற்றி.

இனி எவின்ஸ். 2017 ஜூலையில் கூகுள் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் அதில் ஒரு ஓட்டையைக் கண்டார். எவின்ஸ் காமிக்ஸ் புத்தகங்களையும் திறக்கும். அவற்றில் சிபிடி என்ற வகை, படங்களை டார் காப்பகமாகக் கட்டியது. எவின்ஸ் அதைத் தானே பிரிக்காமல் டார் கட்டளையை அழைத்தது. காப்பகத்துக்குள் இருக்கும் ஒரு படத்தின் பெயர் இரண்டு கோடுகளோடு தொடங்கினால் டார் அதைக் கோப்புப் பெயராக எடுத்துக்கொள்ளாது, தனக்கு இட்ட ஆணையாக எடுத்துக்கொள்ளும். டாரின் ஆணைகளில் வேறொரு நிரலை ஓட்டச் சொல்வதும் உண்டு. காமிக்ஸைத் திறந்தால் கணினி போயிற்று. எவின்ஸ் திட்டத்தார் டார் ஆதரவையே எடுத்துவிட்டார்கள், டிஸ்ட்ரோக்கள் தாங்கள் தாங்கும் பழைய பதிப்புகளுக்குத் திருத்தத்தைக் கொண்டுபோயின. எவின்ஸிலிருந்து பிரிந்த மாட்டேயின் ஏட்ரில், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்ரீடர் இரண்டுக்கும் அந்த ஓட்டை பரம்பரைச் சொத்தாகப் போயிருந்தது. எவின்ஸ் பிற்பாடு லிப்ஆர்கைவ் லைப்ரரிக்கு மாறிவிட்டது. ஏட்ரிலில் 2024 ஜனவரியில் மறுபடி அதே சிபிடி வழியாகக் கட்டளை புகுத்தும் ஓட்டை அறிவிக்கப்பட்டது. நகல் எடுத்தவருக்கு நிரல் கிடைத்துவிடுகிறது, திருத்தங்கள் தாமாகக் கிடைப்பதில்லை.

இதே எவின்ஸுக்கு உபுண்டு 2009 இல், 9.10 பதிப்பிலேயே, ஆப்ஆர்மர் கட்டுப்பாட்டைப் போட்டு அனுப்பியது. இந்த வியூவர் எந்தக் கோப்புகளைத் தொடலாம், எந்த நிரல்களை ஓட்டலாம் என்ற பட்டியல் அது. எவின்ஸ் அப்போது அதைக் கேட்கவில்லை. பொதி கட்டிய பக்கத்திலிருந்து வந்த சிந்தனை. வியூவரைக் கூண்டில் அடைக்க வேண்டும் என்பது ஃபிளாட்பேக்கோடு பிறந்த ஞானம் என்று பேசுபவர்கள் இந்த வருடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

அதற்காக ஃபிளாட்பேக்கின் கூண்டை நான் குறைசொல்லவில்லை. நீங்கள் தேர்ந்த கோப்பை மட்டும் வியூவருக்குக் காட்டும் ஏற்பாடு உண்மையிலேயே நல்லது. ஆனால் கூண்டு வேறு, விநியோகம் வேறு. ஃபிளாட்பேக்கில் ரன்டைமில் இல்லாத லைப்ரரியை ஒவ்வொரு செயலியும் தன் பெட்டிக்குள் தானே எடுத்துவைக்க வேண்டும். வியூவருக்கு ஒரு பாப்லர், இங்க்ஸ்கேப்புக்கு ஒரு பாப்லர், லிப்ரெஆபிஸுக்கு ஒரு பாப்லர். 2005 இல் எதிலிருந்து தப்பிக்கப் பாப்லரை உருவாக்கினார்களோ, அந்த இடத்துக்கே நேர்த்தியான பெட்டிகளோடு திரும்பியிருக்கிறோம். அந்தப் பெட்டியின் விவரக் கோப்பில் பாப்லரின் முகவரியையும் சரிபார்ப்பு எண்ணையும் எழுதி, புதிய பதிப்பு வந்தால் மாற்றி, உடைந்தால் ஒட்டுப்போடும் ஒருவர் இருக்கிறார் அல்லவா? அவரும் பொதி பராமரிப்பாளர்தான். பெயர்ப் பலகை மட்டும் மாறியிருக்கிறது.

நேரடி விநியோகம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கவும் தேவையில்லை, யூனிக்ஸ் பயனர்கள் அதை அனுபவித்தவர்கள். அடோப் தன் ரீடரை லினக்ஸுக்கு நேரடியாகவே தந்தது. எழுதியவரிடமிருந்து பயனருக்கு, தேவையான லைப்ரரிகளைச் சுமந்துகொண்டு, இடையில் யாரும் கைவைக்க முடியாதபடி. 64-பிட் கணினிகள் வந்த பிறகும் அது 32-பிட்டாகவே இருந்தது, அதற்காகப் பழைய லைப்ரரிகளைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. 2013 இல் வந்த 9.5.5 தான் கடைசி. பிறகு நிறுவனத்துக்கு ஆர்வமில்லை, கதை முடிந்தது. மூலம் கையில் இல்லாததால் யாரும் ஒட்டுப்போட முடியவில்லை. கட்டற்ற மென்பொருளில் மூலம் இருக்கும் என்பது உண்மைதான். எழுதியவர் ஓய்ந்த பிறகு அந்த மூலத்தை எடுத்துக் கட்டத் தெரிந்தவரை இடைத்தரகர் என்று துரத்திவிட்டால் மூலம் இருந்து என்ன பயன்?

பிரவுசர் போதும் என்ற வாதத்தை நீட்டி முழக்க வேண்டாம். ஃபயர்பாக்ஸ் 2013 முதல் பிடிஎஃப்.ஜேஎஸ் மூலம் ஆவணங்களைக் காட்டுகிறது, நன்றாகவே காட்டுகிறது. 2024 மே மாதம் அதில், எழுத்துருவைக் கையாளும் இடத்தில், தாக்குபவரின் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடவிடும் ஓட்டை வெளிவந்தது. ஃபயர்பாக்ஸ் 126 இல் சரியாயிற்று. ஆனால் அதே பிடிஎஃப்.ஜேஎஸ்ஸை எத்தனையோ இணையச் செயலிகள் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. அவற்றில் எது எந்தப் பதிப்பு? எக்ஸ்பிடிஎஃப் கதைதான், மொழி மட்டும் சி++ இலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு மாறியிருக்கிறது.

பராமரிப்பாளர் செய்யும் இன்னொரு வேலை, எழுதியவருக்கும் பயனருக்கும் நடுவில் நின்று பஞ்சாயத்து பேசுவது. பிடிஎஃப்பில் 'நகலெடுக்கக் கூடாது', 'அச்சிடக் கூடாது' என்று குறிக்கும் பிட்டுகள் உண்டு. அவற்றை மதிப்பதும் மதிக்காததும் வியூவரின் விருப்பம். ஓகுலரில் டிஆர்எம் கட்டுப்பாடுகளுக்குக் கீழ்ப்படிவதா என்று ஒரு தேர்வே இருக்கிறது. இயல்பாக அது எப்படி இருக்க வேண்டும் என்று 2009 இல் டெபியனில் காரசாரமான விவாதம் நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, அது இங்கே முக்கியமில்லை. பயனர் சார்பில் அந்தக் கேள்வியை எழுப்ப ஓர் இடம் இருந்தது. நேரே வரும் பெட்டியில் எழுதியவர் வைத்ததே சட்டம்.

வந்து குவியும் புகார்களைப் பிரிப்பதும் இந்த வேலையில் அடங்கும். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்தால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணமென்றால் வெறும் ஆங்கில எழுத்துகள் வரும். வியூவரைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் குற்றம் கோப்பில் இருக்கும். அதை உருவாக்கிய நிரல், வடிவங்களுக்கு எதிரே யூனிகோட் அட்டவணையை ஒழுங்காக எழுதியிருக்காது. எழுதுபவரின் மேஜைக்குப் போகும் முன்பே இவற்றை யாராவது வடிகட்டாவிட்டால் அவர் நிரல் எழுத உட்காரவே முடியாது.

எதிர்க்கட்சியின் வலுவான ஆயுதம் 2008. டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் 2006 இல் போட்ட ஓர் ஒட்டு, ரகசியச் சாவிகளுக்கான தற்செயல் எண்களைக் கிட்டத்தட்ட ஒழித்தே விட்டது. ஒரு வகைச் சாவிக்கு 32,768 அளவில்தான் சாத்தியங்கள் மிஞ்சின. 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. இதற்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது, கட்டவும் மாட்டேன். புரியாத நிரலில் கைவைத்ததன் விலை அது. ஆனால் நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட்டவர் ஓபன்எஸ்எஸ்எல் நிரலாளர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டார், அங்கிருந்து தெளிவான மறுப்பு வரவில்லை. இருவருக்கும் இடையே பேச்சு அறுந்திருந்ததுதான் நோய். ஒருவரை நீக்கிவிட்டால் அறுந்த பேச்சு எப்படிச் சேரும்? ஓட்டை வெளியான பிறகு திருத்தத்தையும் பலவீனமான சாவிகளின் கறுப்புப் பட்டியலையும் எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுசேர்த்ததும் அதே பொதி ஏற்பாடுதான்.

பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் நியாயம் கூடுதல். 2016 இல் எக்ஸ்ஸ்கிரீன்சேவரை எழுதிய ஜேமி ஜாவின்ஸ்கி, டெபியன் பழைய பதிப்பைத் தருவதால் எப்போதோ திருத்திய பிழைகளுக்கு இன்னும் தனக்குக் கடிதம் வருகிறது என்று கொதித்தார். அவர் கோபம் சரி. டிஸ்ட்ரோவின் பயனர் முதலில் டிஸ்ட்ரோவிடம்தான் புகார் செய்ய வேண்டும், அந்த வழியைச் சரியாகக் காட்டாதது பராமரிப்பாளர்களின் தவறு. ஆனால் தாமதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் லைப்ரரியில் புகுத்திய பின்வாசலை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தது, டெபியனின் நிலைபெறாத கிளையில் எஸ்எஸ்ஹெச் வழக்கத்தைவிட மெதுவாக இருந்ததைத் துருவியபோது. நிலையான டெபியனுக்கு அது போகவே இல்லை. வெளியிட்ட நிமிடமே எல்லோர் கணினிக்கும் போயிருந்தால்?

2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 இல் எவின்ஸின் இடத்தைப் பேப்பர்ஸ் பிடித்தது. அதுவும் எவின்ஸிலிருந்து பிரிந்ததே. க்னோம் நிரலாளர்களின் கவனம் இனி அங்கேதான் இருக்கும், அதில் தவறும் இல்லை. ஆனால் உபுண்டு 24.04 க்கு 2029 வரை ஆதரவு உண்டு, அதில் இருப்பது எவின்ஸ் 46. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அந்தப் பதிப்பை நம்பிப் பிடிஎஃப்களைத் திறந்துகொண்டே இருப்பார்கள். அதற்குள் ஜேபிக்2விலோ எழுத்துரு டிகோடரிலோ இன்னொரு ஓட்டை வராது என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை. வந்தால், புதிய பாப்லருக்காக எழுதிய திருத்தத்தைப் பழைய பாப்லருக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டி, எவின்ஸும் இங்க்ஸ்கேப்பும் லிப்ரெஆபிஸும் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, அனுப்பிவைக்கப் போவது யார்? இடைத்தரகர் வேண்டாம் என்பவர்கள் முதலில் இதற்கு ஒரு பெயரைச் சொல்லட்டும்.